நான் திறந்து பார்க்காத பை

போன மாதம், நான் வேலை பார்த்த காவல் கம்பனியிலிருந்து ஓர் அழைப்பு வந்தது. புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் பெண் கதைத்தாள். ஒரே வாசலில் பல வருடம் நின்றவர் நீங்கள், வந்து இருபது நிமிடம் ஏதாவது சொல்லுங்கள் என்றாள். போனேன். பேசத் தொடங்குமுன் புது இயந்திரம் ஒன்றைக் காட்டினார்கள். ஒரு பக்கம் பையை வைத்தால் மறுபக்கம் வருகிறது. உள்ளே இருப்பதெல்லாம் திரையில் தெரிகிறது. இனி யாரிடமும் "பையைத் திறவுங்கள்" என்று கேட்கத் தேவையில்லை. அந்த இயந்திரத்துக்கு ஊரும் இல்லை, உறவும் இல்லை. எல்லாப் பையையும் ஒரே மாதிரித்தான் பார்க்கும்.

அங்கே நான் ஒரு பையின் கதையைச் சொன்னேன். சில இடங்களைத் தாண்டிப் போய்விட்டேன் என்பது வீட்டுக்கு வரும் பஸ்ஸில்தான் உறைத்தது. தாண்டியவை எல்லாம் நான் நல்லவளாகத் தெரியாத இடங்கள். அவற்றையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

என் பெயர் தவமலர். யாழ்ப்பாணத்தில் தபால் கந்தோரில் தந்திப் பிரிவில் இருந்தவள். வந்த செய்தியில் ஒரு சொல்லைக் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. மரணச் செய்தியையும் கலியாண வாழ்த்தையும் ஒரே முகத்தோடு எழுதிக் கொடுக்கப் பழகியிருந்தேன். எண்பதுகளின் கடைசியில் ரொறன்ரோவுக்கு வந்தேன். முதலில் ஒரு பேக்கரி, பிறகு காவல் வேலை. வெக்ஸ்போர்ட்டில் ஒரு தளபாடக் கடையின் மாடியில் இரண்டு கிழமைப் பயிற்சி, அதன்பின் ஒரு வருடம் கார் நிறுத்துமிடத்தில் காவல். பெண்களின் கைப்பையைச் சோதிக்க ஒரு பெண் வேண்டும் என்று கேட்டபோது என்னை அந்த நினைவகத்துக்கு அனுப்பினார்கள்.

நகரத்தின் வடக்கே, ஒரு பெரிய கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருந்தது அது. ஹிட்லரின் ஆட்கள் கொன்ற யூதர்களுக்கான நினைவகம். வாசலுக்கு அடுத்து ஒரு நீண்ட நடைகூடம், இரண்டு பக்கமும் கறுப்பு வெள்ளைப் படங்கள். நடையின் முடிவில் வட்டமான மண்டபம்; சுவர் முழுக்கப் பெயர்கள், நடுவில் ஒரு விளக்கு, சுற்றிவர உட்கார மரவாங்குகள். மண்டபத்துக்குப் பின்னால் தடித்த திரை போட்ட சின்னப் படக்காட்சி அறை. அந்த அறைக்கு அருகே கார்த்தரிப்பிடத்துக்குப் போகும் பின்கதவு.

என் மேற்பார்வையாளர் டெஸ்மண்ட். திரினிடாட்டில் இராணுவத்தில் இருந்தவர். ஒருநாளும் குரலை உயர்த்தமாட்டார். எதைச் சொன்னாலும் "நேரம் என்ன?" என்றுதான் முதலில் கேட்பார். "நேரத்தை முதலில் எழுதுங்கள், மிஸிஸ் மலர். நடந்ததை மனிதர்கள் மாற்றிச் சொல்வார்கள். நேரத்தை எழுதிவிட்டால் மாற்றுவது கஷ்டம்." மாலையில் என் குறிப்புப் புத்தகத்தை வாங்கி, விரலை வரிவரியாக நகர்த்தி வாசிப்பார். பிழை கண்டால் வாயால் சொல்லமாட்டார். விரல் அந்த இடத்தில் நிற்கும். நானே கண்டுபிடிக்கும்வரை நிற்கும்.

வாசலில் செய்ய வேண்டியவை இவை. வருகிற ஒவ்வொருவருக்கும் கையிலிருக்கும் சின்னக் கருவியை ஒருமுறை அமுக்கி எண்ணவேண்டும். போகும்போது இன்னொரு கருவி. எல்லாப் பையையும் திறந்து பார்க்கவேண்டும். பெரிய பை என்றால் இலக்கத் தகடு கொடுத்து உடுப்பு அறையில் வாங்கி வைக்கவேண்டும். அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை உள்ளே சுற்றி வரவேண்டும். ஆளில்லாத பையைக் கண்டால் தொடக்கூடாது, நகர்த்தக்கூடாது, அதற்குப் பக்கத்தில் வோக்கி-ரோக்கியில் கதைக்கக்கூடாது. ஒருமுறை சத்தமாக "யாருடையது?" என்று கேட்கவேண்டும். சொந்தக்காரர் வராவிட்டால் ஆட்களை வெளியேற்றிவிட்டுப் பொலிஸைக் கூப்பிடவேண்டும். இது வீண் பயம் இல்லை. அந்த இடத்துக்கு வருகிற தொலைபேசி அழைப்புகளில் சிலவற்றைக் கேட்டால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. நான் சொல்லப்போகும் ஞாயிற்றுக்கிழமைக்கு முந்திய கிழமைகூட அப்படி ஒன்று வந்திருந்தது.

அது தொண்ணூறுகளின் நடுப்பகுதி, ஓகஸ்ட் மாத நீண்ட வார இறுதி. பதினொன்று பத்துக்கு ஒரு பழைய வான் வந்து நின்றது. அதற்குள்ளிருந்து சிரிப்புத்தான் முதலில் இறங்கியது. பிறகு ஆறு பேர், எல்லாரும் இருபதுகளில். மோர்னிங்சைட்டில் அடுத்தடுத்த அப்பார்ட்மென்ட்களில் இருக்கும் சிநேகிதர்கள். ஏரிக்கரைக்குப் பிக்னிக் போகிற வழியில் இறங்கியிருக்கிறார்கள். அதற்குக் காரணம் சுபா என்ற பெண். பின்னேர வகுப்பில் சரித்திரம் படித்துக்கொண்டிருந்தாள். இங்கே வந்துபோனதற்கு அத்தாட்சியாக அவளுக்கு ஒரு முத்திரை வேண்டும்.

முன்னால் வந்தவன் யோகன். கையில் வீடியோக் கமரா.

"அக்கா தமிழோ?"

"ஓம். பையளை மேசையிலை வையுங்கோ."

"மட்டன் றோலெல்லாம் வானுக்கை கிடக்கு அக்கா. பயப்பிடாதேங்கோ, குண்டு ஒண்டும் கொண்டு வரேல்லை."

எல்லாரும் சிரித்தார்கள். "உந்தச் சொல்லை இங்கை சொல்லாதேங்கோ தம்பி" என்றேன். எனக்கும் பாதிச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு வருடத்துக்கு மேலாக அந்த வாசலில் நின்ற எனக்கு, யாரோ என்னை அக்கா என்று கூப்பிட்டது அன்றைக்குத்தான் முதல்தடவை.

கடைசியாக வந்தவன் நகுலன். மெலிந்தவன், மற்றவர்களைப்போலச் சத்தம் இல்லை. தோளில் கருநீல நிறத்தில் ஒரு பெரிய பயணப் பை. மேசையில் வைத்தான், கையை அதிலிருந்து எடுக்கவில்லை.

"அக்கா, உதுக்குள்ளை என்ரை சாமான்கள்தான். கலைச்சால் பேந்து அடுக்கேலாது."

"விடுங்கோ அக்கா," என்றாள் சுபா. "அவன் உதை வீட்டிலையும் இறக்கி வைக்கிறதில்லை."

அவர்களுக்குப் பின்னால் ரெக்ஸ்டேலில் இருந்து வந்த ஒரு தேவாலயக் குழு வரிசையில் நின்றது. அவசரம் என்று பிறகு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது உண்மையில்லை. அவசரம் இருந்தாலும் மற்றவர்களின் பையை நான் திறந்துதான் பார்த்திருப்பேன். நகுலனின் பையை நான் திறக்கவும் இல்லை, உடுப்பு அறைக்கு வாங்கவும் இல்லை. தலையை ஆட்டி உள்ளே விட்டேன். புத்தகத்தில் "11.10. ஆறு பேர். பைகள் சோதிக்கப்பட்டன" என்று எழுதினேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் விளக்கம் சொல்ல வருபவர் லேனா. எழுபது வயது இருக்கும், சின்ன உருவம், கோடையிலும் கம்பளிச் சட்டை. போலந்தில் ஒரு சிறு நகரத்தில் பிறந்தவர். ஹிட்லரின் வதைமுகாம்களில் ஒன்றிலிருந்து உயிரோடு வந்தவர். பதினொன்றரைக்கு நான் சுற்றி வரும்போது நம் ஆட்கள் அவரைச் சுற்றி நின்றார்கள். யோகன் எதையோ சொல்ல ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்குக் கூச்சமாக இருந்தது. அருகே போய், "மன்னியுங்கள், நான் சொல்கிறேன் அவர்களுக்கு" என்று ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னேன்.

லேனா கையால் தடுத்தார். சுவரில் இருந்த ஒரு சின்னப் படத்தைக் காட்டினார். ஒரு குளக்கரையில் ஆறு இளம்பெண்கள் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து நிற்கிறார்கள். ஒருத்தி கண்ணை மூடிச் சிரிக்கிறாள்.

"அந்தக் கண்ணை மூடியவள் நான். நாங்கள் இவர்களைவிடச் சத்தம் போட்டோம்" என்றார்.

யோகன் கமராவைக் கீழே இறக்கினான். அதன்பிறகு அவன் அதைத் தூக்கவில்லை.

லேனா மற்ற ஐந்து பேரின் பெயரையும் ஒவ்வொன்றாகச் சொன்னார். ஒருத்திக்கு நீச்சல் நன்றாக வரும், ஒருத்தி கணக்கில் கள்ளம் செய்வாள், இப்படி. பிறகு அறிவித்தல் வந்த கதையைச் சொன்னார். சுவரில் ஒட்டியிருந்தது. இந்தத் திகதியில், இந்த நேரத்துக்கு, ஆளுக்கு ஒரு பையோடு, பத்திரங்களை எடுத்துக்கொண்டு சதுக்கத்துக்கு வரவேண்டும். சதுக்கத்தில் மேசைகள் போட்டு எழுத்தர்கள் இருந்தார்கள். "என் பெயரை எழுதியவரின் கையெழுத்து மிக அழகு. பிழையில்லாமல் எழுதினார்."

"நீங்கள் எல்லாரும் போனீர்களா?" என்று சுபா கேட்டாள்.

"ஆறு பேரும் சொன்ன நேரத்துக்கே போனோம். ஒழுங்கான பிள்ளைகள். திரும்பி வந்தது நான் மட்டும்."

நான் வாசலுக்குத் திரும்பிவிட்டேன். அந்த நேரத்தில் நகுலனின் முகத்தை நான் பார்க்கவில்லை.

பன்னிரண்டு ஐந்துக்கு அடுத்த சுற்று. வட்ட மண்டபத்தில் ஒருவரும் இல்லை. சுவரோரத்து வாங்கின் கீழே கருநீலப் பை இருந்தது.

அந்தப் பையை அடையாளம் காண எனக்கு ஒரு நொடி போதும். ஆனாலும் கால் நின்றுவிட்டது. "யாருடைய பை?" என்று ஆங்கிலத்தில் சத்தமாகக் கேட்டேன். நடையிலிருந்து சுபா எட்டிப் பார்த்தாள். பையைக் கண்டதும் என்னிடம் ஓடி வந்தாள்.

"அது நகுலன்ரை. அவனைக் கொஞ்ச நேரமாக் காணேல்லை. வெளியிலை நிக்கிறான் எண்டு நினைச்சம்."

"கெதியா ஆளைக் கூட்டிக்கொண்டு வாங்கோ. வராட்டி நான் ஆக்களை வெளியேத்த வேணும். பொலிஸ் வரும்."

அவள் என் கையைப் பிடித்துவிட்டாள். அவளுடைய விரல்கள் குளிர்ந்திருந்தன.

"அக்கா, பொலிஸை மட்டும் கூப்பிடாதேங்கோ. அவன்ரை அகதிக் கேஸ் றிஜெக்ட். போன மாசம் இந்தத் திகதிக்கு, இந்த நேரத்துக்கு, ஒரு பையோடை எயார்போர்ட்டுக்கு வா எண்டு கடிதம் வந்தது. அவன் போகேல்லை. பிடிச்சால் ஊருக்கு ஏத்திப் போடுவாங்கள்."

நான் பையைப் பார்த்தேன்.

"நீங்களே அந்தப் பையைத் தூக்கித் தாங்கோ. இங்கை ஒருத்தரும் இல்லை. ஒருத்தருக்கும் தெரியாது."

உண்மைதான். நாலடி தூரம். குனிந்து எடுத்துக் கொடுத்தால் முடிந்தது. அவனும் தப்புவான், காலையில் நான் எழுதிய பொய் வரியும் தப்பும். இரண்டும் ஒன்றாகச் சேர்ந்து வந்ததுதான் என்னைப் பயமுறுத்தியது. யாருக்காகக் குனிகிறேன் என்று எனக்கே தெரியாமல் போய்விடும். அதோடு, அந்தப் பிள்ளையை எனக்கு ஒரு மணித்தியாலம்கூடத் தெரியாது. மிரட்டல் அழைப்பு வந்து ஒரு கிழமைதான் ஆகியிருந்தது. உள்ளே நாற்பது பேருக்கு மேல் நிற்கிறார்கள்.

"எல்லாரையும் வெளியிலை கூட்டிக்கொண்டு போங்கோ" என்று சுபாவிடம் சொல்லிவிட்டு டெஸ்மண்டைத் தேடி நடந்தேன். ஓடக்கூடாது என்பது விதி.

அவர் தன் சின்ன அறையில் இருந்தார். நான் சொன்னேன்: மண்டபத்தில் ஒரு பை. யாருடையது என்று ஒரு பெண் சொல்கிறாள். ஆனால் அந்த ஆளைக் காணவில்லை.

"வாசலில் பையைத் திறந்து பார்த்தீர்கள்தானே?"

"இல்லை."

அவர் என்னைப் பார்த்தார். கோபமில்லை. சட்டையில் ஒரு பொத்தான் பூட்டும் நேரம் பார்த்திருப்பார்.

"பார்க்காத பை. காணாத ஆள். இரண்டும் சேர்ந்தால் என்ன செய்வோம், மிஸிஸ் மலர்?"

"வெளியேற்றுவோம்."

"நேரம்?"

"பன்னிரண்டு எட்டு."

அவர் அபாய மணியை அமுக்கினார். மறுகையால் தொலைபேசியை எடுத்தார்.

வெளியே வீதிக்கு அப்பால் புல்தரையில் எல்லாரையும் நிறுத்தி எண்ணினோம். உள்ளே போனவர்கள் நாற்பத்துமூன்று. வெளியே நாற்பத்திரண்டு. ஊழியர் பட்டியலையும் கூப்பிட்டோம். லேனா என்ற பெயருக்குப் பதில் வரவில்லை.

படக்காட்சி அறை எனக்கு உடனே நினைவுக்கு வந்தது. திரை தடிப்பு. "நான் போய்ப் பார்க்கிறேன்" என்றேன்.

"இல்லை" என்றார் டெஸ்மண்ட்.

"பின்கதவால் போனால் மண்டபத்துக்குள் கால் வைக்கத் தேவையில்லை. பிழை என்னுடையது, சேர். நான்தான் போகவேண்டும்."

அவர் கட்டடத்தைப் பார்த்தார், மணிக்கூட்டைப் பார்த்தார். "நான்கு நிமிடம். வோக்கி-ரோக்கியை நிறுத்திவிட்டுப் போங்கள். நேரத்தை நான் எழுதுகிறேன்."

பின்கதவைத் திறந்தபோது மணிச்சத்தம் காதை அடைத்தது. அந்தப் பைக்கும் எனக்கும் இடையில் ஒரு சுவர்தான். திரையை விலக்கினேன். ஆட்களில்லாத கதிரைகளுக்கு முன்னால் படம் ஓடிக்கொண்டிருந்தது. நகுலன் நிலத்தில் சுவரோடு சாய்ந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு இருந்தான். முழு உடம்பும் உதறிக்கொண்டிருந்தது. பக்கத்தில் லேனா, அந்த வயதில், வெறுந்தரையில் காலை நீட்டி உட்கார்ந்து அவனுடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"மணி கேட்டது," என்றார் என்னிடம். "இவருடைய கால்கள் எழும்பவில்லை. தனியே விட்டுவிட்டு வரமுடியாது. தனக்கும் ஒரு கடிதம் வந்ததாகச் சொன்னார். அது வேறு, இது வேறு என்று சொன்னேன். அவருக்கும் அது தெரியும். கால்தான் கேட்கவில்லை."

"தம்பி, எழும்புங்கோ. வெளியிலை போகவேணும்."

"பை எங்கை அக்கா?"

"அங்கைதான் கிடக்கு. தொடக்கூடாது. பொலிஸ் வருது."

பொலிஸ் என்ற சொல்லுக்கு அவன் அசையவில்லை. பைக்குத்தான் அசைந்தான். "அதுக்குள்ளை எல்லாம் கிடக்கு. அண்ணான்ரை மரணச் சேர்ட்டிபிக்கற், ஆமி பிடிச்சு அடிச்சதுக்கு டொக்டர் தந்த கடிதம், என்ரை பிறப்புப் பதிவு. லோயர் திரும்பக் கேஸ் போட அதுதான் கேட்டவர். செவ்வாய்க்கிழமை குடுக்க இருந்தனான். வேறை கொப்பி இல்லை."

"முதல்லை எழும்புங்கோ."

லேனா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் பிடித்துத் தூக்கினோம். உண்மையில் இரண்டு பேரையும் நான்தான் தூக்கினேன். வெளிச்சத்துக்கு வந்தபோது டெஸ்மண்ட் எழுதிக்கொண்டிருந்தார்.

பொலிஸ் கார்கள் இரண்டு, பின்னால் வெடிகுண்டுப் பிரிவின் பெரிய வண்டி. வீதியை மறித்தார்கள். டெஸ்மண்ட் எதையும் மறைக்கவில்லை: பையைச் சோதிக்கவில்லை, இந்தக் குழுவில் ஒருவருடையது என்று கேள்வி. பொறுப்பதிகாரி நம் ஆறு பேருக்கும் முன்னால் வந்து நின்றார். "இது யாருடைய பை?"

சுபாவைப் பார்த்துக் கேட்டார். "எனக்குத் தெரியாது" என்றாள். என்னிடம் சொன்னதையெல்லாம் அவள் விழுங்கிவிட்டாள். நான் அவளைக் குறை சொல்லமாட்டேன்.

அதிகாரி என்னிடம் திரும்பினார். "இவர்களுக்கு உங்கள் மொழியில் சொல்லுங்கள். யாருடையது என்று இப்போது சொன்னால் விசாரித்துவிட்டுக் கவனமாகத் திறப்போம். ஒருவரும் உரிமை கோராவிட்டால் தண்ணீரை வேகமாக அடித்துச் சிதறடிப்போம். உள்ளே என்ன இருந்தாலும் மிஞ்சாது."

தந்திக் கந்தோரில் இருந்த காலத்தில் ஒரு சொல்லைக்கூடக் கூட்டாதவள் நான். அன்றைக்குக் கூட்டினேன்.

"பை உங்கடை எண்டால் இப்ப சொல்லட்டாம். சொல்லாட்டி தண்ணியடிச்சு உடைச்சுப் போடுவினம், ஒரு கடதாசியும் மிஞ்சாது." மூச்சை எடுத்துக்கொண்டேன். "சொன்னால், பேர் கேப்பினம்."

இதைச் சொல்லும்போது என் கண் எங்கே இருந்தது என்று பிறகு பலர் கேட்டார்கள். நகுலன்மேல்தான் இருந்தது. வேறெங்கும் வைக்க முயன்றேன், முடியவில்லை.

வெடிகுண்டுப் பிரிவுக்காரர் ஒருவர் தடித்த உடையைப் போட்டுக்கொண்டிருந்தார். லேனா இன்னமும் நகுலனின் கையை விடவில்லை. அவர் தமிழ் அறியாதவர். ஆனாலும் என்ன கேட்கப்படுகிறது என்று விளங்கிவிட்டது போலிருந்தது. யோகன் பல்லைக் கடித்தபடி தலையை மெல்ல ஆட்டினான்: சொல்லாதே. அதிகாரி என் பக்கம் குனிந்து, "அதைக் கொண்டு வந்தவர் யார் என்று உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

என் வாய் திறந்தது. என்ன சொல்லத் திறந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. பயிற்சி வகுப்பில் நான் தாண்டிப் போன இடங்களில் இதுவும் ஒன்று. தெரியாது என்று சொல்லியிருப்பேனா, கையை நீட்டியிருப்பேனா? பல வருடம் யோசித்துப் பார்த்துவிட்டேன்.

"அது என்ரை" என்றான் நகுலன். பிறகு ஆங்கிலத்தில், "என் பை, சேர். உடைக்க வேண்டாம்."

உள்ளே இருப்பதை ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். அவன் வரிசையாகச் சொன்னான்: இரண்டு சேட்டு, ஒரு சாரம், பல்லுத்தூரிகை, சிவப்பு உறை. தடித்த உடைக்காரர் உள்ளே போய் நெடுநேரம் கழித்து வந்தார். கார்த்தரிப்பிடத்தில் ஒரு பிளாஸ்ரிக் விரிப்பில் எல்லாவற்றையும் பரப்பினார்கள். அவன் சொன்ன அதே வரிசை. சிவப்பு உறைக்குள் ஒரு தாள்கூடக் கசங்கவில்லை. அதே தாள்களில் இருந்த பெயரைத்தான் அதிகாரி தன் காருக்குள் இருந்து வாசித்தார். ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது: பிடியாணை இருக்கிறது. நகுலன் தானாகவே கைகளைப் பின்னால் கட்டினான்.

கார் போனபின் யோகன் என்னிடம் வந்தான். காலையில் குண்டு என்று சொல்லிச் சிரித்த அதே வாய்.

"காட்டிக் குடுத்திட்டியள், அக்கா."

அந்த அக்காவை அவன் விடவில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

அன்று பின்னேரம் டெஸ்மண்டின் மேசையில் அறிக்கை எழுதினேன். "11.10. ஒரு பையை நான் சோதிக்கவில்லை. சோதித்ததாகப் பொய்யாக எழுதினேன்." அவர் விரலை நகர்த்தி வாசித்தார். அந்த வரியில் விரல் நின்றது.

"இதை மாற்ற விரும்புகிறீர்களா?"

"பிழையா, சேர்?"

"இல்லை. சரியாக இருக்கிறது. அதனால்தான் கேட்கிறேன்."

மாற்றவில்லை. ஆறு கிழமை என்னை மறுபடி கார் நிறுத்துமிடத்தில் போட்டார்கள். வேலை போகாததற்கு டெஸ்மண்ட் எழுதிய கடிதம்தான் காரணம் என்று பிறகு தெரிந்தது. அவர் அதைப் பற்றி ஒரு சொல் கதைத்ததில்லை. அந்த ஆறு கிழமையில் மோர்னிங்சைட்டுக் கடைகளில் நான் மரக்கறி பொறுக்கும்போது பக்கத்தில் கதை நின்றுபோகும். எங்கள் ஊரில் காட்டிக் கொடுத்தவர்கள் என்று சொல்லப்பட்டவர்களுக்கு என்ன நடந்தது என்பது எல்லாருக்கும் தெரியும். இங்கே ஒன்றும் நடக்காது. ஆனால் அந்தச் சொல்லோடு வீட்டுக்குள் தனியே இருப்பது சுலபமில்லை.

ஒருநாள் லேனா தொலைபேசி எடுத்தார். நகுலனை விமான நிலையத்துக்குப் பக்கத்தில் தடுத்து வைத்திருக்கிறார்கள், வியாழக்கிழமை விசாரணை, பொறுப்பு நிற்க ஒரு குடியுரிமைக்காரர் வேண்டுமாம். "எனக்கு அந்தப் பக்கம் பஸ் தெரியாது. கூட்டிப் போவீர்களா?"

மூன்று பஸ் மாறி ரெக்ஸ்டேலையும் தாண்டிப் போனோம். சிறிய அறை. சுபா, யோகன், மற்றவர்கள் ஒரு பக்கம். நான் பின்வரிசையில், தனியே. நகுலன் உள்ளே வந்தபோது லேனாவைப் பார்த்தான், என்னைப் பார்க்கவில்லை. வழக்கறிஞர் சிவப்பு உறையிலிருந்து தாள்களை எடுத்து வைத்தார். விசாரித்தவர் நிதானமான மனிதர்.

"இவரை உங்கள் வீட்டில் வைத்திருக்கத் தயார் என்று எழுதியிருக்கிறீர்கள். எவ்வளவு காலமாகத் தெரியும்?"

"நாற்பது நிமிடம்" என்றார் லேனா.

அறையில் யாரோ இருமினார்கள். "நாற்பது நிமிடப் பழக்கத்தில், ஒவ்வொரு கிழமையும் இவர் வந்து கையெழுத்துப் போடுவார் என்று எப்படிப் பொறுப்பேற்பீர்கள்?"

"நான் கூட்டிக்கொண்டு வருவேன். இவரோடு மேசைக்கு முன்னால் நிற்பேன். கையெழுத்துப் போட்டபின் வீட்டுக்குக் கூட்டிப் போவேன்."

விடுவித்தார்கள். மீள்விசாரணை முடிய இன்னும் ஒன்றரை வருடம் எடுத்தது. அந்த மரணச் சேர்ட்டிபிக்கற்றும் டொக்டரின் கடிதமும்தான் அவனை இந்த நாட்டில் நிறுத்தின. அதுவரை வாரம் தவறாமல் லேனா அவனோடு போய்வந்தார்.

அந்த வியாழக்கிழமை, வெளியே அதே வான் நின்றது. நகுலனைக் கட்டிப்பிடித்து, முதுகில் தட்டி, பழைய சிரிப்பு திரும்பி வந்திருந்தது. லேனாவைக் கைத்தாங்கலாக முன் இருக்கையில் ஏற்றினார்கள். மோர்னிங்சைட்டில் சமையல் நடக்கிறதாம். நான் பஸ் தரிப்புப் பக்கம் திரும்பினேன்.

"அவரும் வருவார்" என்றார் லேனா, என்னைக் காட்டி.

வானின் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. நகுலன் முதல்தடவையாக என்னை நேரே பார்த்தான். அவன் முகத்தில் மன்னிப்பு என்று சொல்லக்கூடிய எதுவும் இல்லை. கோபமும் இல்லை.

"ஏறுங்கோ அக்கா" என்றான்.

கடைசி இருக்கையில் இருந்தேன். வழிநெடுக லேனாவோடு எல்லாரும் கதைத்தார்கள். என்னோடு யாரும் கதைக்கவில்லை. பதினோராம் மாடி வீடு. சோறு பரிமாறினார்கள், எனக்கும் ஒரு தட்டு வந்தது. சாப்பிட்டு முடிந்தபின் சுபா தேத்தண்ணித் தட்டத்தோடு ஒவ்வொருவராக வந்தாள். என் முன்னால் நின்றாள். முகத்தைப் பார்க்கவில்லை, கோப்பையைத்தான் பார்த்தாள்.

"சீனி போடவோ?"

"கொஞ்சம்" என்றேன்.